ஒரு ஜாண் உயரத்தில்

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நீங்கள் போட்ட சண்டையை முழுவதும் படித்தேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் ஒரு கட்சி, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவர்கள் எதிர்க்கட்சி. ஒருவர் சம்பளத்தைச் சொல்கிறார், ஒருவர் பெண் பார்க்கும் இடத்தில் கிடைக்கும் மரியாதையைச் சொல்கிறார், இன்னொருவர் வரிசையாகப் பொம்மை போட்டுப் பல்லைக் காட்டுகிறார். கடைசியில், "கிரேன் பாய் சொல்லட்டும், எது ஒசத்தி?" என்று என் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் தூங்கப் போய்விட்டீர்கள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். ஆகவே என் ஓட்டு எந்தப் பக்கம் என்று நீங்களே எண்ணி முடித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியான ஒரு கலாசி எங்கள் தளத்தில் இருந்தான். அவன் கதையைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குத் தளத்தில் எனக்கு வேலை. ஓய்வுபெறச் சில வருடங்களே பாக்கி. கிரேன் கேபினில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டால் உலகத்தின் சத்தம் நின்றுவிடும். கீழே வாயைத் திறந்து கத்துகிறார்கள் என்று தெரியும், என்ன கத்துகிறார்கள் என்று தெரியாது. காலையில் பனியும் சாம்பலும் கலந்து ஆற்றின் மேல் படுத்திருக்கும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு அடிப்பாகமே இருக்காது, வெறும் தலைகள் மட்டும் மிதக்கும். முகத்துவாரக்குப்பத்துப் படகுகள் தண்ணீரே இல்லாத வெளியில் நழுவிப் போவதுபோல் கடலுக்குப் போகும். "கனாவுலயே சம்பளம் வாங்கின ஒரே ஆளு நீங்கதான்" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அவள் சொல்வதில் பொய்யில்லை. அந்த உயரத்தில் மனசு ஒரு மாதிரி மிதக்கத்தான் செய்யும். மிதக்கும் மனசைத் தரைக்கு இழுத்து வைத்திருந்தது ஒரே ஒரு மனிதரின் கை.

அது எங்கள் மேஸ்திரியின் கை. பெயர் வேண்டாம். "பேரப் போட்டுடாத பாய், அப்பால நம்ம குப்பத்துல மாலையத் தூக்கினு வந்துருவானுங்கோ, பேஜாரு" என்று அவரே கேட்டுக்கொண்டார். சுமையைக் கட்டுவது, கொக்கியில் மாட்டுவது, எனக்குச் சைகை காட்டுவது எல்லாம் அவருடைய ஆட்களின் வேலை. அவர்களைத்தான் கலாசிகள் என்போம். இடுப்பில் வாக்கி-டாக்கி தொங்கினாலும் மேஸ்திரி அதை நம்பமாட்டார். கைதான். தூக்கு, இறக்கு, திருப்பு என்று சொல்ல அவர் ஒருவருக்குத்தான் உரிமை. முதலாளியே வந்து கீழே நின்று கையாட்டினாலும் நான் பார்க்கமாட்டேன். ஆனால் "நிறுத்து" மட்டும் எல்லோருக்கும் சொந்தம். டீ கொண்டுவருகிறவர் இரண்டு கையையும் விரித்து நிறுத்து என்று காட்டினாலும் நான் நிறுத்தியாக வேண்டும். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் பெரிய சுமையை முதலில் ஒரு ஜாண் உயரம்தான் தூக்குவோம். தூக்கி, அப்படியே நிறுத்தி வைப்போம். மேஸ்திரி ஒரு கிளாஸ் டீயைக் கையில் வாங்கிக்கொள்வார். அவர் குடித்து முடிக்கும்வரை சுமை அந்தரத்தில் நிற்கும். நான்கு மூலையிலும் நிற்கும் கலாசிகள் தங்கள் பக்கத்துச் சங்கிலியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிளாஸ் காலியான பிறகுதான் மேலே. எங்கள் தொழிலில் அந்த நேரம்போல் அழகான நேரம் கிடையாது. ஒரு யானைக்கூட்டத்தின் கனமுள்ள இரும்பு, தரைக்கும் வானத்துக்கும் நடுவில், மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும். காற்று அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும்.

அந்த நான்கு மூலைகளில் ஒன்றில் நின்றவன்தான் தினகரன். தினா என்று கூப்பிடுவோம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுப் பையன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு முடித்தவன் என்று சொல்லி, கலாசிகளை வேலைக்கு வைக்கும் கான்ட்ராக்டர் சேர்த்திருந்தார். பேச்சு குறைவு, வேலை சுத்தம்.

அவனிடம் ஒரு விசித்திரம் இருந்தது. கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தினமும் காலையில் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், பளபளக்கும் ஷூ, தோளில் லேப்டாப் பை என்று பேருந்திலிருந்து இறங்குவான். சாலை ஓரத்து டீக்கடைக்குப் பின்னால் போவான். திரும்பி வரும்போது நீல ஓவரால் மாட்டிய கலாசியாக வருவான். சாயங்காலம் நீலம் டீக்கடைக்குள் போய் வெள்ளை வெளியே வரும். மேலிருந்து பார்க்கிற எனக்கு இது தினசரி நடக்கும் ஒரு வித்தை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டுவிட்டேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பாய், யாராண்டயும் சொல்லிடாத. வூட்ல இன்ஜினியருன்னு சொல்லி வெச்சிருக்கேன். மாமனார் அத்த நம்பித்தான் ரேவதியக் குட்த்தாரு. ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால குந்திகினு கீறேன்னு நெனச்சினு கீது அது."

"ஏன் நைனா இந்த வேலை? என்னிக்காவது தெரிஞ்சா இன்னா பண்ணுவே?"

"தெரியாம பாத்துக்கணும் பாய்."

ஐ.டி.ஐ. படித்துவிட்டு வீட்டில் இன்ஜினியர் என்று பந்தா விடுகிற பையன் என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்சம் சிரிப்பாகவும் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். மணலிப் பக்கம் ஒரு ஆலைக்குப் போக வேண்டிய நீளமான இரும்பு உருளை கப்பலில் வந்திருந்தது. அதைத் தூக்கி டிரெய்லரில் வைக்க வேண்டும். அதற்குள் கடல்காற்று ஏற ஆரம்பித்துவிட்டது. கப்பல் கிளம்ப வேண்டும் என்று மாலுமிகள் அவசரப்படுத்த, கான்ட்ராக்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நடந்துகொண்டிருந்தார். வழக்கமாகப் போடுகிற நீளச் சங்கிலிகள் தளத்தின் மறுகோடியில் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தன. இருக்கிறதைப் போடு என்றார்கள். மேஸ்திரி முனகிக்கொண்டே குட்டைச் சங்கிலிகளை மாட்டினார். அவை நேராகத் தொங்காமல் கொக்கியிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து விரிந்தன. கம்பெனியின் தள இன்ஜினியர் மேடம் நின்று பார்த்தார். எங்களோடு வெயிலில் நிற்கிற நல்ல பெண், யாரையும் மட்டம் தட்டிப் பேசாதவர்.

ஒரு ஜாண் தூக்கினேன். உருளை கொஞ்சமும் சாயாமல், தண்ணீர் வைத்துப் பார்க்கலாம்போல் மட்டமாக நின்றது. மேஸ்திரி கப்பல் பக்கம் நின்று டீயை வாங்கினார். எல்லோர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. எதிர்ப்பக்கம், மேஸ்திரியின் கண்ணுக்கு எட்டாத மூலையில், தினா மட்டும் குனிந்தான். சங்கிலி மாட்டுவதற்காக உருளையில் பற்றவைத்திருந்த இரும்புக் காதைப் பார்த்தான். நிமிர்ந்து சங்கிலியின் சாய்வைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

சத்தமில்லாத அந்தக் கேபினிலிருந்து நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேஸ்திரி இருந்த திசையைப் பார்த்தான், கான்ட்ராக்டரைப் பார்த்தான், பிறகு கேட்டுக்கு வெளியே டீக்கடையைப் பார்த்தான். கை பாதி எழும்பி இறங்கியது. கனவில் ஓட நினைத்தும் கால் எழும்பாத ஆள்போல் நின்றான். மேஸ்திரி கிளாஸைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டைத் தரையில் சிந்தினார். தூக்கு என்று காட்ட அவர் கை மேலே போன அதே நேரத்தில் தினா இரண்டு கைகளையும் அகல விரித்தான்.

நான் லீவரைத் தொடவில்லை.

கான்ட்ராக்டர் அவனிடம் ஓடினார், பின்னாலேயே மேஸ்திரியும் மேடமும். நான் என்னவென்று தெரியாமல் தவித்து, வாக்கி-டாக்கியைத் திருகி வைத்துக்கொண்டேன். மேடத்தின் இடுப்பில் இருந்த கருவி திறந்திருந்ததால் பேச்சு கரகரவென்று கேட்டது.

"இன்னாடா, கப்பல் கெளம்பணும்! மட்டமாத்தான கீது? எதுக்கு நிறுத்தின?"

"மட்டமாத்தான் கீதுண்ணே. சங்கிலி ரொம்பப் படுத்துகினு கீது. காதுல பெயின்ட் வெடிச்சிருக்கு."

"பெயின்டுக்கா நிறுத்துவ?"

"அண்ணே, ரெண்டு பேரு ஒரு தண்ணி பக்கெட்டத் தூக்கினு மாடி ஏறுறாங்க. பக்கத்துல பக்கத்துல நின்னா லேசு. தள்ளி நின்னு கைய நீட்டித் தூக்கினா தோள்பட்டையே கழண்டுகினு வந்துரும். பக்கெட்டு அதே பக்கெட்டுதான்."

கான்ட்ராக்டர் கையை வீசினார். "கதை வுடாத. மேஸ்திரி, தூக்கச் சொல்லு."

"இரு, அவன் சொல்லட்டும்" என்றார் மேஸ்திரி.

மேடம் கேட்டார்: "எவ்வளவு அதிகமா இழுக்குதுன்னு நினைக்கிறீங்க?" கிண்டலாக அல்ல, உண்மையாகவே கேட்டார். தினா சாக்பீஸை எடுத்து டிரெய்லர் பலகையில் குனிந்து வரைய ஆரம்பித்தான். ஒரு முக்கோணம், அம்புகள், கோணம், கணக்கு. மேலிருந்து எனக்குக் கோலம்போல் தெரிந்தது. சங்கிலி தாங்க வேண்டியதைவிட எவ்வளவு கூடுதலாகத் தாங்குகிறது என்று எழுதி அடிக்கோடு போட்டான். மேடம் அதை ஒருமுறை பார்த்ததுமே, "இறக்குங்க, உடனே" என்றார். நான் இறக்கினேன். மேஸ்திரி போய் அந்தக் காதை விரலால் தடவினார். பற்றவைத்த இடத்தில் மயிர்போல் ஒரு கீறல் ஓடியிருந்தது.

தினா எவ்வளவு இழுக்கிறது என்று சொன்னான். எப்படித் தூக்கலாம் என்பதை மேஸ்திரி சொன்னார். விரிந்த சுமைக்கு மேலே மாட்டுகிற நீளமான இரும்புத் தண்டைக் கொண்டுவரச் சொல்லி, சங்கிலிகள் நேராகத் தொங்கும்படி வேறு இடத்தில் கட்டினார். கப்பல் தாமதமாகத்தான் கிளம்பியது, ஆனால் யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. நியாயமாக அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும்.

மேடம்தான் சாதாரணமாகக் கேட்டார், "இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். கையை விரித்தவனுக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை போலிருக்கிறது. "பி.இ. மெக்கானிகல் மேடம். முடிச்சிட்டு வேலை கெடைக்காம அலைஞ்சேன். போற எடத்துலெல்லாம் அனுபவம் இல்லன்னாங்க. சரின்னு ஐ.டி.ஐ. சேர்ந்தேன், என்னவிட நாலஞ்சு வயசு சின்னப் பசங்களோட. இங்க வந்து பி.இ.ன்னு சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு ஐ.டி.ஐ. மட்டும் காமிச்சேன்."

ஆக, வீட்டில் சொன்னதும் உண்மை, வேலையில் சொன்னதும் உண்மை. இரண்டு இடத்திலும் பாதியை மறைத்திருந்தான், அவ்வளவுதான். கான்ட்ராக்டருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "படிச்சவன எடுத்தா ஆறு மாசத்துல ஏசி ரூம் தேடி ஓடிருவான். அதுக்குத்தான நான் எடுக்கறதில்ல? என்னையே ஏமாத்தினியா? நாளையிலேர்ந்து வராத." மேடம் எவ்வளவோ பேசிப் பார்த்தார். கலாசிகளை வைப்பதும் நீக்குவதும் கான்ட்ராக்டரின் உரிமை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி தினாவைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்: "என்னாண்ட சொல்லிருந்தா நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

மறுநாள் காலை தினாவைக் காணோம் என்று நினைத்தேன். இருந்தான். வெள்ளைச் சட்டையோடு அதே பேருந்தில் வந்து இறங்கி, டீக்கடையைத் தாண்டி, முகத்துவாரக்குப்பத்து அலைத்தடுப்புக் கல்கட்டின்மேல் போய் உட்கார்ந்தான். அலை அடிக்கிற கருப்புப் பாறைகளில் ஒரு வெள்ளைப் புள்ளி. சாயங்காலம் வேலை முடிகிற நேரத்துக்கு எழுந்து பேருந்து ஏறினான். அடுத்த நாளும் அப்படியே. வீட்டில் சொல்லவில்லை என்று புரிந்துவிட்டது. எனக்கு வேலையே ஓடவில்லை. ஒவ்வொரு முறை கொக்கியைத் திருப்பும்போதும் அந்தப் புள்ளி கண்ணாடியின் ஓரத்தில் வந்து போகும். கப்பல், கடல், புகை எல்லாம் மங்கி அது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் மதியத் தொழுகைக்கு இறங்கியபோது மேஸ்திரியிடம் சொன்னேன். "உன் ஆளு பாறை மேல குந்திகினு கீறான். வூட்டுக்குப் போவ வழி தெரியாம."

அன்று பிற்பகல் ஒரு பெரிய ஜெனரேட்டரைத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு ஜாண் தூக்கச் சொன்னார். தூக்கினேன். டீ வாங்கினார். ஒரு வாய் குடித்தார். நிறுத்திக்கொண்டார்.

நேரம் போனது. கிளாஸ் கையிலேயே இருந்தது. சுமைக்கு அடியில் ஒருவரும் இல்லை, என் கை லீவரை விட்டு நகரவில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன், இதை நீங்கள் யாரும் செய்து பார்க்காதீர்கள். கான்ட்ராக்டர் வந்தார்.

"இன்னாத்துக்கு நிக்குது?"

"டீ சூடா கீது."

"இவ்ளோ நேரமா?"

"நாலு மூலைக்கு நாலு பேரு வேணும். மூணுதான் கீது. எப்டிக் குடிச்சு முடிக்கறது?"

"வேற ஒருத்தன நிறுத்திக்க."

"நிக்க எவனும் நிப்பான். நிறுத்துன்னு சொல்றவன் வேணும். வேலை போவும்னு தெரிஞ்சே சொன்னான் பாரு, அவன் வேணும்."

மற்ற கலாசிகள் தங்கள் சங்கிலிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கோஷம் போடவில்லை, கை கட்டவில்லை. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது, ஒரு ஜாண் உயரத்தில். கான்ட்ராக்டர் என்னை அண்ணாந்து பார்த்துக் கையாட்டினார். முதலாளி கையாட்டினால் நான் பார்ப்பதில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா?

அப்போதுதான் கண்ணாடி ஓரத்தில் அதைப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளியை நோக்கி ஒரு மஞ்சள் புள்ளி பாறைகளின்மேல் தடுமாறித் தடுமாறி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்ததும் நின்றது. வெள்ளைப் புள்ளி எழுந்தது. இரண்டும் ரொம்ப நேரம் எதிரெதிரே நின்றன. அத்தனை தூரத்துக்கு ஒரு வார்த்தை கேட்குமா? பிறகு மஞ்சள் உட்கார்ந்தது. கொஞ்சம் தள்ளி வெள்ளையும் உட்கார்ந்தது.

கீழே கான்ட்ராக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கடைசியில், "போய் இட்டா. ஆனா ஓடிப்போனான்னா உன்னத்தான் கேப்பேன்" என்றார். மேஸ்திரி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். எனக்கு இறக்கு என்று காட்டினார். ஜெனரேட்டர் தரையில் உட்கார்ந்த பிறகுதான் தன் வண்டியை எடுத்தார்.

எது ஒசத்தி என்று பல மாதம் கழித்து நானே தினாவிடம் கேட்டிருக்கிறேன். அவன் யோசித்துச் சொன்னது இது: "எவ்ளோ இழுக்கும்னு காலேஜ்ல கத்துகினேன் பாய். எங்க வெடிக்கும்னு ஐ.டி.ஐ.ல கண்ணு பழகிச்சு. கைய விரிக்கறதுக்கு ரெண்டு எடத்துலயும் சொல்லித் தரல. அன்னிக்கு அது என்னாண்ட சண்டை போட்டுத்தான் மேல வந்துச்சு." என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை. எந்தப் படிப்பு என்றாலும் படியுங்கள், முடிந்தால் இரண்டையும் படியுங்கள். படித்ததில் ஒன்றுக்கு வெட்கப்பட்டு ஒளித்துவைத்தால், நிறுத்து என்று சொல்ல வேண்டிய நேரத்தில் கை கனக்கும்.

பாறை மேல் நடந்ததை மேஸ்திரிதான் எனக்குச் சொன்னார். இரண்டு நாளாக அவன் ஷூவுக்குள் மணல் இருந்ததாம். ஏசி அறைக்குள் ஏது மணல் என்று ரேவதிக்குச் சந்தேகம். முந்தின நாளே அவனுக்குத் தெரியாமல் விசாரித்துக்கொண்டு டீக்கடைவரை வந்துவிட்டுப் போயிருக்கிறாள். மேஸ்திரி வண்டியை நிறுத்தியதும் எழுந்து நின்று கேட்டாளாம்:

"அண்ணா, நீங்க கூப்ட வந்தது இன்ஜினியரையா, கலாசியையா?"

மேஸ்திரி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சொன்னாராம்: "நாலாவது மூலையில ஆளு இல்லம்மா. ஆளை இட்டுகினு போவ வந்தேன்."

ரேவதி தோள்பையைத் திறந்தாளாம். உள்ளே துவைத்து, காயவைத்து, மடித்த நீல ஓவரால். "டீக்கடை அக்காவாண்ட கேட்டு வாங்கினு போனேன். ஒரே கிரீசு, மூணு தபா சோப்பு போட்டேன். இன்னா வேலை பாத்தா இன்னா? என்னாண்ட சொல்லாததுதான்யா வலிக்குது. இனிமே வூட்லயே மாட்டினு கெளம்பு."

இந்தப் பேச்சு எதுவும் அன்று எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்தது இவ்வளவுதான். பாறை மேல் அந்த வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு, குப்பமே பார்க்கிற அந்த வெட்டவெளியில், நீலமாக மாறியது.